ஓரறிவின் வாய்

புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டுணரும் அறிவு ஒன்றே உண்டு என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. நத்தைக்கு இரண்டு, எறும்புக்கும் கறையானுக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு மனத்தோடு சேர்த்து ஆறு. பள்ளியில் இதை ஒப்பித்த பிள்ளைகள் எல்லோருமே ஆறாவது படியில் நின்றுகொண்டுதான் கீழே பார்த்தோம். மரத்தின்மேல் ஓர் இரக்கம் வந்தது. அதற்குக் கண் இல்லை, நாக்கு இல்லை, ஓடத் தெரியாது, யாரையும் எதுவும் செய்யாது. இந்தக் கடைசி வாக்கியம் நூற்பாவில் கிடையாது. கீழ்ப்படியில் இருப்பது மேல்படியில் இருப்பதைத் தொந்தரவு செய்யாது என்பதை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம். மரக்கறி உணவைத் தூய்மையோடும், செடியைச் சாந்தத்தோடும், பச்சையைக் குற்றமின்மையோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் வளர்ந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் சில காலமாக எனக்குள் சரியாக உட்கார மறுக்கிறது. காரணம், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள குட்டைகளில் கிடக்கும் ஒரு செடி. அதைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் நினைப்பு செடியோடு நிற்பதில்லை. வடலூருக்குப் போகிறது, திருப்பாதிரிப்புலியூருக்குப் போகிறது, இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்துவிடுகிறது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து, நீர் தெளியத் தொடங்கும் நாட்களில் காட்டுமன்னார்கோயில் சாலையோரக் குட்டைகளிலும், வாய்க்கால் தேங்கிய பள்ளங்களிலும், சம்பா வயலின் தாழ்ந்த மூலைகளிலும் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கும். விரற்கடை அளவு காம்பு, உதடு பிரிந்த பூ. கீழே தண்ணீருக்குள் பார்த்தால் தாவரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சை நூல்கள் பிரிந்து பிரிந்து மிதக்கின்றன. வேர் கிடையாது. சேற்றில் எங்கும் ஊன்றவில்லை, இழுத்தால் அப்படியே முழுசாக வரும். தாவரவியலில் யூட்ரிகுலேரியா. இங்கே காணக் கிடைப்பவற்றில் ஆரியா, ஸ்டெல்லாரிஸ் என்ற இரண்டும் பரவலானவை. ஊரில் அதற்குத் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீருக்குள் பச்சையாகக் கிடப்பதெல்லாம் பாசிதான். களையெடுக்கும்போது காலில் சுற்றினால் சுருட்டி வரப்பில் வீசிவிடுவார்கள். வெயிலில் ஒரு பொழுதுக்குள் அது கறுத்துக் காய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு காதருகே கொண்டுபோனால் மெல்லிய ஓர் ஓசை கேட்கும், எங்கோ தூரத்துத் தெருவில் நெல் பொரிவதைப் போல. நூல்களில் ஒட்டியிருக்கும் கடுகளவுப் பைகள் நீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டு மூடும் ஓசை அது. பைகளில் சில கண்ணாடியாக இருக்கும், சில கறுத்திருக்கும். கறுத்தவற்றின் உள்ளே யாரோ இருக்கிறார்கள், அல்லது இருந்தார்கள்.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் அதைக் காட்டினேன். "பாசி தம்பி. கால்ல சுத்தும், வேற ஒண்ணும் பண்ணாது" என்றார். "பூச்சியப் புடிச்சுத் திங்கிற செடி, ஆயா" என்றேன். வெற்றிலையை வாயில் வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "புகையானத் திங்குமா?" இல்லை, தண்ணீருக்குள் நீந்துவதைத்தான் தின்னும், பயிர்த்தூரில் ஒட்டியிருக்கும் புகையான் அதற்கு எட்டாது என்று சொன்னேன். "அப்ப நமக்கு என்னத்துக்கு" என்று எழுந்துபோனார். புகையான் விழுந்து வட்டம் வட்டமாகக் கருகிய வயலைப் பார்த்தவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி இருக்க முடியாது. என் கேள்விகளுக்கு அப்படி ஒரு வயல் பின்னால் இல்லை என்பதை அப்போது உணர்ந்தேன். ஆனாலும் அவை போகவில்லை.

அந்தப் பை வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுவரிலுள்ள சுரப்பிகள் உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. பக்கங்கள் உள்வாங்கி ஒட்டிப்போகின்றன. உள்ளே அழுத்தம் குறைந்து, வாயில் பொருந்தியிருக்கும் மெல்லிய கதவு மட்டும் வெளிநீரைத் தடுத்து நிற்கிறது. இந்த ஆயத்தத்துக்குக் கால்மணி முதல் அரைமணி நேரம் பிடிக்கும். கதவின்மேல் சில மயிர்கள். நீந்திவரும் ஒன்று அதில் உரசினால் கதவு மடங்கித் திறக்கிறது, சுவர் விரிகிறது, நீரும் அதோடு வந்ததும் உள்ளே போகிறது, கதவு மூடிக்கொள்கிறது. உள்ளிழுப்பு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுவதை 2011இல் அதிவேகப் படக்கருவியால் அளந்திருக்கிறார்கள். உள்ளே போகும் நீரின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல அறுநூறு மடங்கு வரை எட்டுகிறது. நம் கண் இமைப்பதற்குள் நூறு பைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடிவிடலாம். உள்ளே போகிறவை பெரும்பாலும் நீர்த்தெள்ளு, சக்கர உயிரி, சிலசமயம் இளம் கொசுப்புழு. நீர்த்தெள்ளு நண்டின் சுற்றத்தைச் சேர்ந்தது. அதற்கு ஒரு கண் உண்டு. உடலுக்கு வெளியே தெரியும்படி கறுப்பாக, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் ஒரே கண். நண்டின் படியில் அதை வைத்தால் நாலறிவு உயிர். ஓரறிவு நாலறிவைத் தின்கிறது. அதுவும் தனக்குக் கொடுக்கப்பட்ட அந்த ஒன்றே ஒன்றைக் கொண்டு, தொடுகையைக் கொண்டு.

இந்தச் செடியின் குடும்பம் மூன்றே பேரினங்கள் கொண்டது. அதிலொன்றான பிங்கிகுலா மத்தியதரைக் கடல் நாடுகளின் ஊறும் பாறைகளிலும் ஈரச் சரிவுகளிலும் வாழ்கிறது. சைப்ரஸ் மலையோடைகளின் ஓரத்தில் ஒன்று, தெற்கு ஸ்பெயினின் நீர்வடியும் சுண்ணாம்புப் பாறைகளில் இன்னொன்று. நம் நாட்டில் இமயத்தில் அதன் ஓரினம் உண்டு, தெற்கே கிடையாது. அது ஒளிந்து பிடிப்பதில்லை. வெளிர்பச்சை இலையைத் தரையோடு விரித்து, பிசின்பூத்த மேற்பரப்பில் கொசுவளவுப் பூச்சிகள் ஒட்டும்வரை காத்திருக்கிறது. ஒட்டியபின் சாறு சுரக்கிறது, இலை விளிம்பு மெதுவாக, மிக மெதுவாக உள்ளே சுருள்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருத்தி பகிரங்கமாக நாள் கணக்கில் செய்வதை இன்னொருத்தி நீருக்கடியில் யாரும் பார்க்க முடியாத வேகத்தில் செய்கிறாள். சார்லஸ் டார்வின் இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதினார். 1860 கோடையில் ஒரு பனித்துளிச் செடியின் இலையில் ஒட்டிச் செத்த பூச்சிகளைப் பார்த்ததில் தொடங்கி, 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிடும்வரை பதினைந்தாண்டு அது அவரை விடவில்லை. நீர்ப்பை உள்ளிழுக்கிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை; பூச்சிகளே முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போகின்றன என்று கருதினார். பைக்குள் இறைச்சித் துணுக்குகளைத் திணித்துவைத்து, நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்து, அது செரிப்பதில்லை, அழுகியதை உறிஞ்சுகிறது என்ற முடிவுக்கு வந்தார். நியூ ஜெர்சியில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்திருந்து, புழுக்கள் பிடிபடும் நொடியில் ஏதோ இழுப்பு இருக்கிறது என்று அவருக்கு எழுதினார். அந்த அம்மையாரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும்போதுதான் மனம் இங்கே திரும்பியது. டார்வின் அந்தப் பனித்துளிச் செடியின் முன் குனிந்த 1860இல் வள்ளலார் என்று அறியப்படும் இராமலிங்க அடிகள் வடலூருக்கு அருகில் கருங்குழியில் இருந்தார். 1867 மே மாதம் வடலூரில், பசித்தோருக்குச் சோறிட அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. இன்றுவரை அது அணைந்ததில்லை. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட் மாநாட்டில் ஜோசப் ஹூக்கர் ஊனுண்ணும் தாவரங்களைப் பற்றிப் பேசினார். டார்வினும் அடிகளும் ஒருவரை மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இருவரும் தாவரத்தையும் பசியையும் ஒரே சமயத்தில் யோசித்துக்கொண்டிருந்தவர்கள். வாடிய பயிரைப் பார்த்துத் தானும் வாடியதாகச் சொன்ன மனிதர் பிறந்த மண்ணின் வாய்க்காலிலேயே இந்தச் செடி இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகில்தான் அவர் பிறந்த மருதூர். அவர் கால் நனைத்த வயலில் இதுவும் மிதந்திருக்கும்.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் நூலில் அவர் ஒரு சங்கடமான கேள்வியைத் தானே எழுப்பிக்கொள்கிறார்: மரமும் புல்லும் நெல்லும் உயிர்கள்தானே, அவற்றை உண்பது மட்டும் ஜீவகாருண்யத்துக்கு விரோதம் ஆகாதா? அவர் தரும் விடையை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். அவையும் உயிர்களே, ஆனால் அவற்றில் உயிர்விளக்கம் ஒரு பகுதிதான் தெரிகிறது, தொடுகை அறிவு மட்டும். மனம் முதலிய கருவிகள் அவற்றில் விரியவில்லை. வித்து சடம், நாமே விதைத்து நாமே முளைக்க வைக்கிறோம். வித்தும் காயும் கனியும் பூவும் தழையும் எடுப்பது நகத்தையும் மயிரையும் களைவதைப் போல, அதில் துன்பம் தோன்றாது. உயிர் நிற்கும் இடத்தை அழிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். இந்த வாதம் எனக்குப் பிடித்தமானது. தப்பிக்கும் அவசரம் அதில் இல்லை. செடி உயிரே இல்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் அதை உயிர் என்று ஒத்துக்கொண்டு, அப்புறம் நாம் எந்த அளவுக்குக் கைநீட்டலாம் என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகிறார். என் தயக்கம் தொடுகை பற்றியது. தொடுகை என்பது குறைந்தபட்ச அறிவு, துன்பம் உறைக்காத அறிவு என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. குட்டையில் கிடக்கும் இந்தச் செடியோ தொடுகையைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறது, தொடுகையைக் கொண்டே கொல்கிறது. அறிவுகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே ஓர் உயிர் வேறோர் உயிரின் வழிக்குப் போகாது என்று இனி என்னால் நம்ப முடியவில்லை.

தேர்ந்தெடுக்கிறது, கொல்கிறது என்று எழுதிவிட்டு அந்தச் சொற்களைத் திரும்பப் பார்க்கிறேன். கைக்கு எளிதாக வந்துவிட்டன. அந்தப் பைகள் எதுவும் தொடாமலே, தாமாகவே அவ்வப்போது திறந்து மூடுகின்றன என்பதையும் ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது, அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது கதவு தாங்காமல் விட்டுவிடுகிறது. அங்கே தொடுகையும் இல்லை, தேர்வும் இல்லை. அப்படித் திறக்கும் நொடியில் பக்கத்தில் ஒரு நீர்த்தெள்ளு இருந்தால் அதுவும் உள்ளே போகும். அதன் சாவுக்கும் தொட்டுச் செத்ததன் சாவுக்கும் அதனளவில் என்ன வேறுபாடு? இன்னொரு சங்கதியும் உண்டு. பல பைகளில் இரையே இருப்பதில்லை; பாசிகளும் நுண்ணுயிர்களும் உள்ளே குடியேறி, பெருகி, செத்து, மறுபடி பெருகி வாழ்கின்றன. சில இனங்களில் செடிக்கு இரையைவிட இந்தக் குடித்தனமே அதிகம் பயன்படுகிறதோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே பை சிலருக்கு வயிறு, சிலருக்கு வீடு. வாய் என்று இதற்குப் பெயர் வைத்தது நான்தான்.

பசி என்ற சொல்லும் இப்படித்தான் நழுவுகிறது. வள்ளலார் பசியைப் பற்றி எழுதும்போது கண் மங்கி, காது அடைத்து, கைகால் சோர்ந்து, அறிவு கலங்கி ஓர் உடல் உள்ளிருந்து எரிவதை எழுதுகிறார். பஞ்சத்தையும் பட்டினியையும் நேரில் பார்த்த எழுத்து அது. யூட்ரிகுலேரியா அந்தப் பொருளில் பசிப்பதில்லை. இலைப்பச்சை இருக்கிறது, வெயில் இருக்கிறது, மாவுப்பொருளை எல்லாச் செடிகளையும் போல அதுவே செய்துகொள்கிறது. அதற்குக் கிடைக்காதது தழைச்சத்தும் மணிச்சத்தும். மழைநீர் தேங்கிய குட்டையில் அவை குறைவு, வேர் விட்டுத் தேடவும் வழியில்லை. ஆகவே சதைக்குள் அடைபட்டிருப்பதை எடுத்துக்கொள்கிறது. சத்தில்லாத நீரில் மற்றவை திணறும்போது இது பூத்துக் காய்க்கிறது. பற்றாக்குறையைத்தான் இது வசிப்பிடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இதன் உறவான யூட்ரிகுலேரியா கிப்பாவின் மரபணுத்தொகுதியை 2013இல் வெளியிட்டார்கள், சுமார் 8.2 கோடி எழுத்துகள், மனிதனுடையதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் மரபணுக்களோ சுமார் 28,500, நம்மைவிட அதிகம். மற்ற உயிர்கள் சுமந்து திரியும் உபரியை இது உதறியிருக்கிறது, வேரை உதறியிருக்கிறது, பையை மட்டும் உதறவில்லை. ஒரு கைப்பிடி பச்சை நூலைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது என்றால் அது இந்த இடத்தில்தான்.

என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதற்கு அடுத்தது. நீரில் தழைச்சத்து கூடினால் இந்தச் செடி பைகளைக் குறைத்துக்கொள்கிறது. இன்னும் கூடினால் பைக்கு வேலையே இல்லை. ஆனால் அதற்குள் ஆகாயத்தாமரையும் பச்சைப் படலமும் மேலே மூடிவிடும், கீழே வெளிச்சம் போகாது, செடி மறைந்துவிடும். வயலுக்கு வீசும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி வடிகாலில் இறங்குகிறது. ஊர்ச் சாக்கடை குளத்தில் சேர்கிறது. நெல்லுக்குப் பசி தீர்க்கிறோம். அந்தத் தீர்வு வழிந்தோடி, பசியை வைத்தே பிழைத்த ஒன்றைக் கொல்கிறது. செம்மண் மேட்டிலும் இதுவே நடக்கிறது. பண்ருட்டி முந்திரிக் காடுகளைத் தாங்கும் இந்தப் பக்கத்துச் செம்மேட்டைப் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்பார்கள். சத்து நிற்காத மண். அப்படிப்பட்ட மேடுகளில்தான் மழைக்குப் பின் பனித்துளிச் செடிகள் முளைக்கும். நாட்டு வைத்தியர்கள் அழுகண்ணி என்று தேடுவதில் இதுவும் ஒன்று. சிவந்த மயிர்நுனியில் பிசின் மின்ன, காசளவு வட்டமாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். உரமிட்டு உழுதாலும் போகும், மனை பிரித்துக் கல் நட்டாலும் போகும். தரிசு என்று பத்திரத்தில் எழுதப்பட்ட நிலத்தில் எதை இழந்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்டுவதற்காக மேல்வளையமாதேவியில் கதிர் விடும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. பச்சைப் பயிர் சக்கரத்தின் கீழ் மடங்குவதைப் பார்த்த எவருக்கும் வடலூர் நினைவுக்கு வந்தது. அந்தக் கோபம் என்னுடையதும்தான். நெல்லின் மீது ஏறும் இயந்திரத்தைப் பார்க்க நம் கண் பழகவில்லை, பழகவும் கூடாது. அதே கண் ஏன் வரப்பில் காயும் பாசியிடம் போவதில்லை என்று கேட்டால், நெல்லோடு நமக்கு உறவு இருக்கிறது, அது நம் சோறு என்பது விடை. அப்படியானால் பயிருக்கு வாடுவதில் நம் பசிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வள்ளலாரின் வாட்டம் அந்தப் பங்கைத் தாண்டியது என்றே நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் தனக்குச் சோறு ஆகாததற்காக, உயிரைப் பிடித்துத் தின்னும் ஒரு பச்சைக்காக அவர் வாடியிருப்பாரா? நீர்த்தெள்ளின் பக்கம் நின்றிருப்பாரா, செடியின் பக்கமா? தருமசாலையின் அடுப்பு எல்லார் பசியையும் ஏற்றுக்கொள்கிறது. பற்றாக்குறை தீர்ந்தால் அழிந்துபோகும் உயிருக்கு அந்தச் சாலையில் எந்தப் பந்தியில் இலை போடுவது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதான் அதற்குக் கொடுப்பது. அன்னதானத்தில் ஊறிய மனதுக்கு அது ஒப்பாத காரியம்.

இதே கடலூரில் வள்ளலாருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகையில் இருந்து லோகவிபாகம் எழுதி முடித்தார். அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூர்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். சைவத்துக்குத் திரும்புமுன் திருநாவுக்கரசர் தருமசேனராக இருந்ததும் அங்கிருந்த சமணப் பள்ளியில்தான். சமணத்திலும் ஓரறிவு என்றால் தொடுகை. ஆனால் அவர்கள் படியைச் செடியோடு நிறுத்தவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் தீக்கும் காற்றுக்கும்கூட அந்த ஓரறிவை வைத்தார்கள். துறவிக்குக் காய்ச்சிய நீர். இல்லறத்தார் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். அதோடு ஒரு விதி: துணியில் தங்கிய சிற்றுயிர்களை உதறிவிடக் கூடாது, எந்தக் குளத்திலிருந்து நீர் எடுத்தார்களோ அந்தக் குளத்திலேயே, அடிபடாமல், நீரோடு நீராகத் திருப்பி விட வேண்டும். மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வரை தொடர்ந்துவரும் நோன்பு மரபு இது. பாதிரிப்புலியூரில் அப்படி ஒரு காலையில் ஒருவர் துணியை நீருக்குள் தோய்த்து, நீர்த்தெள்ளுகளை ஒவ்வொன்றாக நழுவ விட்டிருப்பார். அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி மஞ்சள் பூ நின்றிருக்கலாம், அதன் கீழே நூற்றுக்கணக்கில் கதவுகள் அடைத்து ஆயத்தமாக இருந்திருக்கலாம். அவருக்கு அது தெரிந்திருந்தால் துணியை வேறு பக்கம் கொண்டுபோயிருப்பாரா? கொண்டுபோயிருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது. தன் கையால் நேராமல் பார்த்துக்கொள்வதோடு அவருடைய நோன்பு நின்றுவிடுகிறது. குளத்துக்குள் நடப்பதை அவர் குளத்திடம் விட்டிருப்பார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. துணியைப் பிடித்திருக்கும் கையைவிட, அடுத்த ஊரில் யூரியா மூட்டையைப் பிரிக்கும் கையும், குளத்தில் சாக்கடைக் குழாயை விட அனுமதித்த கையும் எனக்கு நெருக்கமானவை. அவற்றின் விளைச்சலைத்தான் நான் நாள்தோறும் மூன்று வேளையும் உண்கிறேன்.